கல்யாண கேசட்ல பூஞ்சையா? பிளேயர்ல போடாதீங்க!

உய்யக்கொண்டான் வாய்க்கால் ஓடுற நம்ம புத்தூர்ல ஈரத்துக்குப் பஞ்சமில்லை. பரண்ல கிடந்த அப்பா அம்மா கல்யாண விஎச்எஸ் கேசட்டை எடுத்துப் பாருங்க. டேப் ஓரத்துல வெள்ளையா பொடி தெரிஞ்சா அது பூஞ்சை. ஆசையில பிளேயர்ல போட்டுடாதீங்க. ஹெட்ல ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும், டேப்பும் கிழியலாம்.

முதல்ல சிலிக்கா ஜெல் பாக்கெட்டோட டப்பாவுல மூடி வெச்சு நல்லா காய விடுங்க. ஈரத்தோட துடைச்சா பூஞ்சை அப்பிக்கும். வெயிலும் ஹேர் டிரையரும் வேண்டாம், டேப் சுருங்கிடும்.

அப்புறம் என்95 மாஸ்க், கையுறை போட்டு, வீட்டுக்கு வெளியே நிழல்ல உட்காருங்க. ஆஸ்துமா இருக்கறவங்க இதைத் தொடவே வேண்டாம். பின்பக்கம் 5 ஸ்க்ரூவைக் கழட்டி, 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட, நூல் பிரியாத துணியால டேப்பை மெதுவா துடைங்க. காஞ்சதும் டிஜிட்டல் காப்பி எடுத்துடுங்க.

பாட்டி குரல் அந்த ஒரு கேசட்ல மட்டும்தான் இருக்கா? அப்போ முதல்ல வேண்டாத கேசட் ஒண்ணுல கை பழகிக்கோங்க.