தரையில் இறங்கிய பச்சோந்தி: நோயா, முட்டையா?

மழைக்காலத்தில் காங்கயம், தாராபுரம், பல்லடம் பக்கத்துக் கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலங்களில் சில நாள் இப்படி நடக்கும். கிளுவை வேலியை விட்டு இறங்கிய பச்சோந்தி ஒன்று வண்டித்தடத்தின் நடுவே ஆடி ஆடி நகரும். வயிறு உப்பியிருக்கும். விரட்டினாலும் வேகமாக ஓடாது. விஷம் என்று பயந்து கல்லை எடுப்பவர்கள் உண்டு. "பாவமுங்க, ஏதோ சீக்கு" என்று துண்டில் பொதிந்து வீட்டுக்குக் கொண்டுபோகிறவர்களும் உண்டு. இரண்டாலும் அதற்குக் கேடுதான்.

பச்சோந்திக்கு விஷம் கிடையாது. ஆடி ஆடி நடப்பது நோயின் குறியும் அல்ல, அதன் நடையே அப்படித்தான். ஆயுளின் பெரும்பகுதியைக் கிளையில் கழிக்கும் பெண் பச்சோந்தி முட்டையிட மண்ணுக்கு இறங்கியாக வேண்டும். ஈர மண்ணில் குழி பறித்து, பத்து முதல் முப்பது முட்டைகள் வரை இட்டு மூடிவிட்டு மறுபடி மரமேறும். அந்த நேரத்தில் பிடித்துக் கூண்டில் அடைத்தால், குழி பறிக்க மண் இல்லாமல் முட்டைகளை உள்ளேயே அடக்கிக்கொள்ளும். அது உயிருக்கே ஆபத்து. சாலை நடுவில் இருந்தால் ஒரு குச்சியை நீட்டி ஏறவிட்டு, அது போய்க்கொண்டிருந்த பக்கத்து ஓரத்தில் இறக்கிவிட்டால் போதும்.

வீட்டில் வளர்க்கலாமா?

நம் வேலிகளில் வாழும் இந்தியப் பச்சோந்தியை வளர்க்கக் கூடாது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பாதுகாக்கும் இனம் அது. பிடிப்பதும் அடைத்துவைப்பதும் விற்பதும் சிறைத்தண்டனைக்குரிய குற்றங்கள். இத்தகைய உயிரினம் எந்த வழியில் கைக்கு வந்தாலும் 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிய வனத்துறை அலுவலரிடமோ தெரிவிக்க வேண்டும் என்கிறது அச்சட்டத்தின் 39-ஆம் பிரிவு. நாய் கடித்தோ வண்டி மோதியோ கிடக்கும் பச்சோந்தியை எடுத்தவருக்கும் இது பொருந்தும். வனச்சரக அலுவலகத்துக்கு உடனே தகவல் சொல்லுங்கள். கோவை வ.உ.சி. பூங்காவில் விட்டுவிடலாம் என்று நினைக்க வேண்டாம். அங்கிருந்த உயிரியல் பூங்காவின் அங்கீகாரத்தை மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் 2022-லேயே ரத்து செய்துவிட்டது.

ஏமன், சவூதி அரேபியாவைச் சேர்ந்த வெயில்டு, மடகாஸ்கரின் பேந்தர் போன்ற வெளிநாட்டுப் பச்சோந்திகளின் கதை வேறு. இவை சைட்டீஸ் என்னும் பன்னாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-இல் செய்யப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் திருத்தத்தின்படி இவற்றை வைத்திருப்போர் பதிவு செய்ய வேண்டும். 2024-இல் வந்த விதிகளின்படி, மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் தளத்தில், கைக்கு வந்த 30 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். கை மாறினாலும், முட்டை பொரித்துக் குஞ்சு வந்தாலும் அதையும் தெரிவிக்க வேண்டும்.

2018-ஆம் ஆண்டு செல்லப்பிராணிக் கடை விதிகள்படி, கடைக்கு மாநில விலங்கு நல வாரியத்தின் பதிவு இருக்க வேண்டும். வாங்கும்போதே பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள், பில் கேளுங்கள். நோயுற்றதைத் தெரிந்தே தலையில் கட்டியிருந்தால், அந்தப் பில்லோடு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலோ மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலோ முறையிடலாம். ரகசியமாக, பில் இல்லாமல் வாங்கியவருக்கு முறையிட ஆதாரமே இருக்காது.

எதைக் கவனிப்பது?

பச்சோந்தி நோயை மறைக்கும். கண்ணுக்குத் தெரியும்போது நோய் முற்றியிருக்கும். அதனால் வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் எடை பார்த்துக் குறித்துவையுங்கள். எடை தொடர்ந்து இறங்கினால் அதுவே முதல் எச்சரிக்கை.

பகலில் கண் மூடிக் கிடப்பது எப்போதும் ஆபத்தின் குறி. கண் குழிவிழுவதும், எச்சத்தோடு வரும் வெள்ளைக் கட்டி ஆரஞ்சு நிறமாவதும் நீர் வற்றியதைக் காட்டும். கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் பெரும்பாலும் சீண்டாது. இலையில் தெளித்த துளிகளைத்தான் நக்கிக் குடிக்கும். வெயில் காயும்போது சற்றே வாய் திறப்பது இயல்பு. நிழலிலும் வாய் திறந்து, தலையை உயர்த்தி மூச்சு வாங்கினாலோ மூக்கில் குமிழி வந்தாலோ மூச்சுக்குழலிலோ நுரையீரலிலோ தொற்று இருக்கலாம்.

கால் வளைவது, தாடை மெத்தென்று ஆவது, பிடி நழுவி விழுவது, நாக்கு இரையை எட்டாமல் போவது ஆகியவை சுண்ணாம்புச் சத்துக் குறைவால் எலும்பு மெலிவதன் அடையாளங்கள். முட்டை ஓட்டுக்கும் சுண்ணாம்பு செலவாவதால் பெண்ணுக்கு இந்த ஆபத்து கூடுதல். அந்தச் சத்தை உடல் ஏற்க யூவிபி என்னும் புற ஊதாக் கதிர் வேண்டும். சன்னல் கண்ணாடி வழியே வரும் வெயிலில் அந்தக் கதிர் அநேகமாக இருக்காது. அதற்காகக் கண்ணாடித் தொட்டியோடு மொட்டைமாடி வெயிலில் வைத்தால், சித்திரை வெக்கையில் வெந்தே செத்துவிடும். இரைப்பூச்சிகளின் மேல் கால்சியம் பொடி தூவிக் கொடுங்கள். மருந்தடித்த தோட்டத்தில் பிடித்த வெட்டுக்கிளி வேண்டவே வேண்டாம்.

முட்டை தேங்கினால்

பலரும் அறியாத விஷயம் இது: ஆணே இல்லாமலும் பெண் பச்சோந்தி முட்டையிடும். அந்த முட்டை பொரியாது, ஆனால் வெளியே வந்தாக வேண்டும். வெயில்டு இனம் பிறந்த ஆறு மாதத்திலேயே அந்தப் பருவத்துக்கு வந்துவிடலாம். அளவுக்கு மீறித் தீனி போட்டால் முட்டைகளின் எண்ணிக்கை கூடும், பெண்ணின் உடல் ஓயும். ஆகவே வளர்ந்த பெண்ணின் கூண்டில் ஒரு அடி ஆழத்துக்கு ஈர மணல் நிரப்பிய வாளி எப்போதும் இருக்கட்டும். பறித்த குழி சரியாத அளவுக்கு ஈரம் போதும்.

தீனி குறைந்து, தரையிலேயே சுற்றி, மண்ணைப் பறிக்கத் தொடங்கினால் முட்டையிடப்போகிறது என்று பொருள். கூண்டைத் துணியால் மறைத்துவிட்டுத் தள்ளியிருங்கள். எட்டிப் பார்த்தால் பாதியில் நிறுத்திவிடும். பறித்துப் பறித்தும் முட்டை வராமல் சோர்ந்து கண் மூடினாலோ, சில முட்டைகளோடு நின்றுபோய் வயிறு உப்பியே இருந்தாலோ, ஆசனவாயில் சதை பிதுங்கினாலோ அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

மருத்துவரிடம் போகும்போது

வயிற்றை அமுக்கி முட்டையை வெளியேற்றப் பார்க்காதீர்கள், உள்ளேயே உடைந்துவிடும். எண்ணெய் ஊற்றுவது, நமக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பது எல்லாம் வேண்டாம். எக்ஸ்-ரே அல்லது ஸ்கேனில் முட்டைகளைப் பார்த்துவிட்டு, திரவமும் கால்சியமும் கொடுப்பதா, முட்டை இறங்க ஊசி போடுவதா, அறுவை செய்வதா என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

காற்றோட்டமான அட்டைப்பெட்டியில் பிடித்துக்கொள்ள ஒரு குச்சி வைத்து, இருட்டாக மூடி எடுத்துச் செல்லுங்கள். எடைக் குறிப்பு, கடைசியாகத் தின்ற நாள், எச்சத்தின் படம், கூண்டின் யூவிபி விளக்கு வாங்கிய தேதி எல்லாம் உதவும். கால்நடை மருத்துவர்கள் எல்லோருக்கும் ஊர்வனவற்றில் பழக்கம் இருக்காது. முதலில் தொலைபேசியில் கேளுங்கள். கொங்கு வட்டாரத்திலேயே நாமக்கல்லிலும் உடுமலைப்பேட்டையிலும் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உள்ளன, அங்கும் விசாரிக்கலாம். பதிவு இல்லையே என்று பயந்து நோயை வீட்டுக்குள் மறைப்பது கொடுமை. சிகிச்சையைத் தள்ளிப்போடாமல், பதிவுக்கு என்ன வழி என்று வனத்துறையிடம் கேளுங்கள்.

இனிமேல்தான் வாங்கப்போகிறீர்களா? ஊர்வனவற்றுக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவர் யார் என்று முதலில் தேடுங்கள். அரை நாள் பயணத்துக்குள் அப்படி ஒருவர் கிடைக்கவில்லை என்றால் வாங்காதீர்கள்.