கொறங்காடு

கொறங்காடு என்பது தமிழ்நாட்டின் கொங்குப் பகுதியில், மானாவாரி நிலத்தில் உயிர்வேலி அமைத்துப் பேணப்படும் தனியார் மேய்ச்சல் நிலம் ஆகும். கொரங்காடு எனவும் எழுதப்படும். திருப்பூர் மாவட்டத்தின் காங்கேயம், வெள்ளக்கோவில், மூலனூர், தாராபுரம் வட்டாரங்களிலும், அவற்றை அடுத்துள்ள ஈரோடு, கரூர் மாவட்டப் பகுதிகளிலும் இது காணப்படுகிறது. காங்கேயம் மாட்டினம் இந்நிலங்களைச் சார்ந்து வளர்ந்ததாகும்.

அமைப்பு

கொறங்காட்டில் மூன்று வகைத் தாவரங்கள் முதன்மையானவை. தரையில் கொழுக்கட்டைப்புல் வளர்கிறது. இதன் அறிவியல் பெயர் செங்கரசு சிலியாரிசு. இடையிடையே வெள்வேல மரங்கள் நிற்கின்றன. எல்லையில் முள் நிறைந்த கிளுவை வேலியாக அமைகிறது. வேலி இருப்பதால் ஆள் காவலின்றியே கால்நடைகளை மேயவிட முடிகிறது. ஒரு குடும்பத்தின் நிலம் வேலிகளால் பல காடுகளாகப் பிரிக்கப்பட்டிருப்பதும் உண்டு.

பருவகாலப் பராமரிப்பு

அழகுக்காக வளர்க்கப்படும் புல்வெளியைப் போல் கொறங்காட்டுக்கு நீர் பாய்ச்சுவதில்லை. கால்நடைகளே புல்லை மேய்ந்து அளவாக வைக்கின்றன. எனவே அவற்றை எப்போது உள்ளே விடுவது, எப்போது நிறுத்துவது என்பதே பராமரிப்பின் அடிப்படை.

* கோடை மழை: சித்திரை, வைகாசி மாதங்களில் பெய்யும் மழையில் புல் துளிர்க்கிறது. பழுதான வேலியில் கிளுவைப் போத்துகள் நடப்படுகின்றன.
* வடகிழக்குப் பருவமழை: ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் புல் செழித்து வளர்கிறது. இளந்துளிரை உடனே மேயவிட்டால் தூரில் சேமிப்புக் குறைந்து புல் நலியும். ஆகவே புல் ஓரளவு வளர்ந்து கதிர் விடும்வரை காடு அடைத்து வைக்கப்படுகிறது. உதிரும் விதைகளிலிருந்து அடுத்த தலைமுறைப் புல் முளைக்கிறது.
* தை முதல் பங்குனி வரை: கால்நடைகள் ஒவ்வொரு காடாக மாற்றி மேய்க்கப்படுகின்றன. செம்மறியாடுகள் தரையை ஒட்டிக் கடிப்பதால் அவற்றை ஒரே காட்டில் நெடுநாள் விடுவது தூரைப் பாதிக்கும்.
* கடுங்கோடை: காய்ந்த புல்லும் வெள்வேலங் காய்களும் தீவனமாகின்றன. காய்களிலுள்ள விதைகள் சாணத்தின் வழியே பரவுகின்றன. மரங்கள் கால்நடைகளுக்கு நிழல் தருகின்றன.

சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நிலத்தை உழுது சோளம், கொள்ளு முதலியவற்றை விதைக்கும் வழக்கமும் உண்டு. இதனால் இறுகிய மண் இளகி மழைநீர் உள்ளிறங்குகிறது.

பிற நாடுகளில்

கொழுக்கட்டைப்புல் தீவனத்துக்காக ஆத்திரேலியாவுக்கும் அமெரிக்காவுக்கும் கொண்டு செல்லப்பட்டது. அங்குள்ள பாலை நிலங்களில் கட்டுப்பாடின்றிப் பரவி, காட்டுத்தீயைப் பெருக்கும் களையாக இப்புல் கருதப்படுகிறது.

சிக்கல்கள்

நீர் இறைக்கும் கவலைக்கும் உழவுக்கும் பயன்பட்ட காளைகளின் இடத்தை மின்மோட்டாரும் டிராக்டரும் பிடித்ததால் காங்கேயம் மாடுகளின் தேவை குறைந்தது. திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலின் வளர்ச்சியை ஒட்டி நிலமதிப்பு உயர்ந்தது. கொறங்காடுகள் வீட்டுமனைகளாகவும் தொழிற்கூடங்களாகவும் மாறுகின்றன. கைவிடப்பட்ட நிலங்களில் சீமைக்கருவேலம் பரவுகிறது.

மாட்டினத்தைப் பண்ணைகளில் காப்பாற்ற இயலும். ஆனால் வறட்சியில் குறைந்த செலவில் அதை வளர்க்க உழவர்களுக்குக் கொறங்காடு தேவை. வேலி அகற்றப்பட்டு மனையாக்கப்பட்ட நிலத்தை மீண்டும் மேய்ச்சல் நிலமாக்குவது எளிதன்று. ஆகவே இனப் பாதுகாப்பும் மேய்ச்சல் நிலப் பாதுகாப்பும் பிரிக்க முடியாதவை என்பது குறிப்பிடத்தக்கது.