அரசாங்க ஊழியரைக் கண்காணிப்பவர் யார்?



பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் எடுக்க வேண்டும். பெரியவரின் சிவப்பு அடையாளக் கார்டை மாற்ற வேண்டும். நிலத்துக்கு மனுப் போட வேண்டும். இப்படி ஏதாவதொரு காரியமாகச் சுங்கை பெசாருக்கோ கோலசிலாங்கூருக்கோ பஸ் ஏறாத தோட்டக் குடும்பம் இல்லை. ஒரு நாள் சம்பளத்தை விட்டுத்தான் போகிறோம். அங்கே எவராவது 'கோப்பிக் காசு' கேட்டால், காரியம் முடிந்தால் போதும் என்று கொடுத்துவிடுகிறோம். அப்படிக் கேட்பவரைத் தட்டிக் கேட்க ஆள் இல்லையா? உண்டு. அரசாங்க ஊழியரைச் சுற்றி மூன்று வேலிகள் இருக்கின்றன.

முதல் வேலி, நடத்தை விதிகள். கூட்டரசு ஊழியர்களுக்கென 1993-ஆம் ஆண்டின் நடத்தை, கட்டொழுங்கு விதிகள் உள்ளன. அலுவலோடு தொடர்புடைய அன்பளிப்பை ஊழியர் வாங்கலாகாது. தமக்கும் தம் மனைவி மக்களுக்கும் உள்ள சொத்து விவரத்தைத் தெரிவிக்க வேண்டும். மீறினால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும்; பதில் சொல்ல 21 நாள் தவணை உண்டு. குற்றம் உறுதியானால் எச்சரிக்கை, அபராதம், சம்பளக் குறைப்பு, பதவி இறக்கம், வேலை நீக்கம் என்று தண்டனை படிப்படியாக ஏறும்.

இரண்டாவது வேலி, 1971-இல் அமைந்த பொதுப் புகார் பியூரோ. காரணமில்லாத தாமதம், மரியாதைக் குறைவு, பாரபட்சம் ஆகியவற்றை இங்கே தெரிவிக்கலாம்.

மூன்றாவது வேலியே பலமானது. 1967 அக்டோபரில் தொடங்கிய லஞ்சத் தடுப்பு நிறுவனம், 2009-இல் புதிய சட்டத்தின்கீழ் மலேசிய ஊழல் தடுப்பு ஆணையமாயிற்று. எஸ்.பி.ஆர்.எம். என்பது இதுவே. சிலாங்கூர் மாநில அலுவலகம் ஷா ஆலமில் உள்ளது. ஆணையம் விசாரிக்கும், வழக்குத் தொடர அரசாங்க வழக்கறிஞர் இசைய வேண்டும், தீர்ப்பு நீதிமன்றத்தினுடையது. லஞ்சம் வாங்கியவருக்கு 20 ஆண்டு வரை சிறையும், வாங்கிய தொகையின் ஐந்து மடங்கு அல்லது 10,000 ரிங்கிட், இவற்றில் எது அதிகமோ அதற்குக் குறையாத அபராதமும் விதிக்கலாம். பெரிய பதவியும் கேடயமாகாது. சிலாங்கூர் மந்திரி புசாராக இருந்த டத்தோ ஹருண் இட்ரிஸ், 1976-இல் லஞ்ச வழக்கில் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டார்.

நாம் மறக்கக் கூடாத செய்தி ஒன்று உண்டு. வாங்குவது மட்டுமன்று, கொடுப்பதும் குற்றம். நம்மிடம் லஞ்சம் கேட்டால், கூடிய விரைவில் ஆணையத்திடமோ போலீசிடமோ தெரிவிப்பது நம் சட்டக் கடமை. தக்க காரணமின்றித் தெரிவிக்காமல் இருந்தால் 10,000 ரிங்கிட் வரை அபராதமோ இரண்டாண்டு வரை சிறையோ கிடைக்கலாம். "ஊரோடு ஒத்துக் கொடுத்தேன்" என்று சொல்லித் தப்ப முடியாது.

பெயர் வெளியே வந்தால் கார்டு கிடைக்காமல் போகுமோ என்று அஞ்ச வேண்டாம். தகவல் தருபவரின் பெயரை வெளியிடாமல் காக்கச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் கோபத்தில் பொய்ப் புகார் கொடுக்கலாகாது, அதுவும் தண்டனைக்குரியது. தேதி, நேரம், எந்தக் கவுண்டர், யார் கேட்டார், எவ்வளவு என்று உடனே எழுதி வையுங்கள். எழுதத் தெரியாதவர் பள்ளி செல்லும் பிள்ளையைக் கொண்டு எழுதச் சொல்லலாம். கட்டிய கட்டணத்துக்கு எப்போதும் ரசீது கேளுங்கள்.

வேலி போட்டது அரசாங்கம். அதில் ஓட்டை விழுந்தால் குரல் கொடுக்க வேண்டியவர்கள் நாம்தான். உரிமையோடு கேட்டுப் பெற வேண்டிய பத்திரத்தை விலை கொடுத்து வாங்காதிருப்போமாக.