வாடாமல் வரும் பூச்செண்டு!

நியூயார்க் நகரில் ஒரு வாலிபர் வேலை பார்க்கிறார். அவருடைய தாயார் இருப்பது சிகாகோவில். இரண்டு ஊர்களுக்கும் இடையே உள்ள தூரம் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல்.

இன்று தாயாருக்குப் பிறந்த நாள். மகனால் நேரில் போக முடியவில்லை. காலையில் தன் தெருவில் உள்ள பூக்கடைக்குப் போகிறார். பணம் கட்டுகிறார். ஒரு சிறு அட்டையில் நாலு வார்த்தை எழுதச் சொல்லுகிறார். வேலைக்குப் போய்விடுகிறார்.

அன்று பிற்பகல் சிகாகோவில் தாயார் வீட்டுக் கதவை யாரோ தட்டுகிறார்கள். திறந்து பார்த்தால், அப்போதுதான் கட்டிய ரோஜாச் செண்டு! இலையில் தெளித்த தண்ணீர் கூட இன்னும் காயவில்லை.

நியூயார்க்கில் பணம் கட்டிய பூ அதற்குள் எப்படி சிகாகோ வந்தது? விமானத்தில் வந்ததா?

இல்லை. அந்தப் பூ நியூயார்க் கடையைப் பார்த்ததே இல்லை!

நியூயார்க் கடைக்காரர் சிகாகோவில் உள்ள ஒரு பூக்கடைக்குச் செய்தி அனுப்பினார். "இந்த விலாசத்தில், இந்த அம்மாளுக்கு, இத்தனை டாலருக்கு ஒரு செண்டு கொடுங்கள்" என்றார். சிகாகோ கடைக்காரர் தன் கடையில் இருந்த பூவை எடுத்துக் கட்டிக் கொடுத்தார். அவ்வளவுதான்!

செய்தி பயணம் செய்தது. செண்டு பக்கத்துத் தெருவில் இருந்து வந்தது. இந்த ஏற்பாட்டுக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. அதன் கதை சுவையானது.

பூ ஏன் வாடுகிறது?

செடியில் இருக்கும் பூவுக்கு வேர் தண்ணீர் கொடுக்கிறது. காம்பை வெட்டியதும் அந்த வழி அடைபட்டுப் போகிறது. பிறகு பூவுக்கு உயிர் கொடுப்பது ஜாடியில் உள்ள தண்ணீர்தான்.

காம்புக்குள் மெல்லிய குழாய்கள் இருக்கின்றன. அவற்றின் வழியாகப் பூ தண்ணீரை உறிஞ்சுகிறது. வெட்டிய இடத்தில் காற்று புகுந்தாலும், அழுக்குத் தண்ணீரில் கிருமிகள் பெருகினாலும், குழாய் அடைத்துக்கொள்ளும். ஜாடி நிறையத் தண்ணீர் இருந்தும் பூ தாகத்தில் வாடும்.

விரிந்த பூவைச் செண்டாகக் கட்டி, பெட்டியில் போட்டு, வெகுதூரம் அனுப்பினால் என்ன ஆகும்? குலுக்கலில் இதழ் நசுங்கும். வெப்பத்தில் புழுங்கும். போய்ச் சேரும்போது பாதி அழகு போய்விடும்.

அதனால்தான் வெளியூருக்குப் பூச்செண்டு அனுப்புவது ஒரு காலத்தில் பெரிய பாடாக இருந்தது.

பெர்லின் வியாபாரியின் யோசனை

ஜெர்மனியில் பெர்லின் நகரில் மாக்ஸ் ஹியூப்னர் என்ற பூ வியாபாரி இருந்தார். 1908-ம் ஆண்டில் அவர் ஒரு சங்கத்தைத் தொடங்கினார்.

"பூவை ஏன் ரெயிலில் ஏற்ற வேண்டும்? ஒவ்வொரு ஊரிலும் பூக்கடை இருக்கிறதே! என்னிடம் வரும் வெளியூர் ஆர்டரை நான் அந்த ஊர்க் கடைக்குச் சொல்லுகிறேன். அவர் கொடுக்கட்டும். அவருக்கு வரும் ஆர்டரை நான் கொடுக்கிறேன்." இதுதான் அந்தச் சங்கத்தின் அடிப்படை.

இந்த ஏற்பாடு ஐரோப்பாவில் பரவியது. பின்னாளில் இது 'பிளிரோப்' என்ற பெயர் பெற்றது. ஐரோப்பாவின் பூக்கள் என்று பொருள்படும் லத்தீன் சொற்களைச் சேர்த்துச் சுருக்கிய பெயர் இது.

அமெரிக்காவிலும் இதே எண்ணம் முளைத்தது. 1910-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பல ஊர்ப் பூக்கடைக்காரர்கள் கூடினார்கள். வெளியூர் ஆர்டர்களைத் தந்தி மூலம் ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்வது என்று முடிவு செய்தார்கள். அந்தச் சங்கத்துக்குத் தந்திப் பூ சங்கம் என்றே பெயர் வைத்தார்கள். சுருக்கமாக 'எப்.டி.டி.' என்பார்கள்.

1914-ம் ஆண்டில் இந்தச் சங்கம் ஒரு சின்னத்தை ஏற்றுக்கொண்டது. ரோமானியர்களின் தூதுத் தெய்வமான மெர்க்குரிதான் அந்தச் சின்னம். காலில் இறக்கை; கையில் பூச்செண்டு! ஓடி வந்து பூ கொடுக்கும் அந்த உருவம் ஊர் ஊராகக் கடை வாசல்களில் இடம் பிடித்தது.

"பூவினால் சொல்லுங்கள்" என்ற விளம்பரம் 1917-ம் ஆண்டு வாக்கில் பிறந்தது. அமெரிக்கப் பூ வியாபாரிகள் அதை நாடெங்கும் பரப்பினார்கள்.

பிரிட்டனில் 1923-ம் ஆண்டில் இதே போன்ற ஒரு கிளை தோன்றியது. இரண்டாவது உலகப் போர் முடிந்த மறு ஆண்டு, அதாவது 1946-ல், அமெரிக்கா, ஐரோப்பா, பிரிட்டன் ஆகிய மூன்று தரப்பும் கைகோத்தன. உலகம் தழுவிய 'இன்டர்பிளோரா' உருவாயிற்று.

தாயாருக்காக 500 பூக்கள்

தூரத்தில் இருப்பவர்களுக்குப் பூ என்ன சொல்லும் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி உண்டு.

அன்னா ஜார்விஸ் என்ற பெண்மணி அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் வசித்தார். அவருடைய தாயார் 1905-ம் ஆண்டில் காலமானார். தாயார்களை நினைக்க ஆண்டில் ஒரு நாள் வேண்டும் என்று அன்னா பாடுபட்டார்.

1908-ம் ஆண்டு மே மாதம் 10-ந் தேதி. மேற்கு வர்ஜீனியாவில் கிராப்டன் என்ற ஊரில், தாயார் தொண்டு செய்த மாதா கோவிலில், அன்னையர் தின வழிபாடு நடந்தது. அன்னாவால் அங்கு போக முடியவில்லை. அவர் ஒரு தந்தி அனுப்பினார். கூடவே 500 வெள்ளைக் கார்னேஷன் பூக்களையும் அனுப்பினார். அது தாயாருக்குப் பிடித்த பூ. வந்தவர்களுக்கு அந்தப் பூ வழங்கப்பட்டது.

1914-ம் ஆண்டில் ஜனாதிபதி வில்சன் அன்னையர் தினத்தை நாடு முழுவதும் கொண்டாட அறிவிப்பு வெளியிட்டார். பூ வியாபாரம் கொழித்தது. அந்த நாளில் கார்னேஷன் விலையும் ஏறியது.

இதைக் கண்டு மனம் கொதித்தவர் யார் தெரியுமா? அதே அன்னா ஜார்விஸ்தான்! "அன்பைக் காசாக்குகிறார்கள்" என்று பூ வியாபாரிகளைக் கடைசி வரை எதிர்த்தார். 1948-ம் ஆண்டில் அவர் காலமானார்.

அவருடைய கோபத்தில் ஓர் உண்மை இருக்கிறது. பூ அனுப்புவது வியாபாரந்தான். ஆனால் நாணயம் இல்லாவிட்டால் நொடியில் கெட்டுப்போகும் வியாபாரம் அது.

பார்க்காத பூவுக்குப் பணம்

யோசித்துப் பாருங்கள். பணம் கொடுத்தவர் பூவைப் பார்க்கவில்லை. பூவைப் பெற்றவர், எவ்வளவு பணம் கொடுக்கப்பட்டது என்று அறியார். இரண்டும் தெரிந்தவர் செண்டு கட்டும் கடைக்காரர் ஒருவரே!

இருபது ரோஜாவுக்குப் பணம் வாங்கிக்கொண்டு பன்னிரண்டு வைத்தால் யார் கேட்பார்கள்? "அம்மா, எத்தனை பூ வந்தது?" என்று எந்த மகன் கேட்பான்? பரிசு பெற்றவர்கள் குறை சொல்வதும் இல்லை.

இதனால்தான் சங்கங்கள் ஏற்பட்டன. கண்ட கடையையும் அவை சேர்ப்பதில்லை. தரம் குறைந்தால் புகார் வாங்கின. கணக்கைத் தாங்களே தீர்த்து வைத்தன.

பணம் பங்காவது எப்படி? அமெரிக்க வழக்கப்படி 100 டாலர் ஆர்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆர்டர் பிடித்த கடைக்குச் சுமார் 20 டாலர். சங்கத்துக்குச் சுமார் 7 டாலர். செண்டு கட்டிக் கொடுக்கும் கடைக்கு மீதி 73 டாலர். பூ, வேலை, கொண்டுபோய்க் கொடுக்கும் கூலி எல்லாம் அதற்குள்ளேதான்.

நாட்டுக்கு நாடு நாணயம் வேறு அல்லவா? அதற்காக 'பிளிரின்' என்ற ஒரு கணக்கு நாணயத்தையே ஏற்படுத்தினார்கள். அதன் மதிப்பு சுவிட்சர்லாந்து பிராங்கை ஒட்டி அமைந்தது. இந்தக் காசை யாரும் கையால் தொட்டதில்லை. கணக்குப் புத்தகத்தில் மட்டுமே அது புழங்கியது!

பெயர் ஒன்று, கடை வேறு

தந்தி போய்விட்டது. அமெரிக்காவில் வெஸ்டர்ன் யூனியன் தந்தி 2006-ம் ஆண்டிலும், இந்தியாவில் தந்தி சேவை 2013-ம் ஆண்டிலும் நின்றன. இப்போது ஆர்டர் எல்லாம் டெலிபோனிலும் இன்டர்நெட்டிலும் போகிறது. பழைய எப்.டி.டி. நிறுவனமே 2019-ம் ஆண்டில் திவால் மனு போட்டது. பிறகு கை மாறித் தொழில் தொடர்ந்தது.

வசதி பெருகியதும் ஒரு தொல்லையும் வந்தது. சிலர் இன்டர்நெட்டில் ஊர்ப் பெயரைப் போட்டு, "உங்கள் ஊர்ப் பூக்கடை" என்று விளம்பரம் செய்கிறார்கள். உண்மையில் அங்கே கடையும் இல்லை. ஒரு காம்புப் பூவும் இல்லை! அவர்கள் வெறும் இடைத்தரகர்கள். ஆர்டரை வாங்கி, தங்கள் பங்கைக் கழித்துக்கொண்டு, மீதியை ஒரு கடைக்குத் தள்ளுகிறார்கள்.

பங்கு பெரிதானால் செண்டு சிறிதாகும். வந்த செண்டு மெலிந்திருந்தால் பழி யாருக்கு? கட்டிக் கொடுத்த உள்ளூர்க் கடைக்காரருக்கு! இல்லாத ஊரில் கடை இருப்பதாகக் காட்டிக்கொள்ளக் கூடாது என்று அமெரிக்காவின் பல மாநிலங்களில் சட்டமே போட்டிருக்கிறார்கள்.

நாம் அனுப்புவது எப்படி?

நமக்குப் பூ என்றால் முழம் கணக்குதான் முதலில் நினைவுக்கு வரும். மல்லிகைக்குக் காம்பு குட்டை. மாலையில் மலர்ந்து மறு நாள் வாடிவிடும். அதைச் சரமாகத்தான் தொடுக்க முடியும். செண்டுக்கு நீண்ட காம்பும், பல நாள் தாங்கும் குணமும் வேண்டும். ஓசூர்ப் பக்கத்து ரோஜாவும், நீலகிரிக் கார்னேஷனும் அப்படிப்பட்டவை. ஓசூர் ரோஜா வெளிநாட்டுக்கும் விமானம் ஏறுகிறது. ஆனால் அது மொட்டாக, குளிரில் வைத்துப் போகிறது. அங்கே கடையில்தான் செண்டாகிறது.

வெளியூரில் இருக்கும் உறவினருக்கோ நண்பருக்கோ செண்டு அனுப்ப விரும்புகிறீர்களா? இதோ சில யோசனைகள்:

1. அந்த ஊரிலேயே இருக்கும் கடையைக் கண்டுபிடியுங்கள். அங்கே உள்ள ஒரு தெரிந்தவரைக் கேட்டால் சொல்லுவார். டெலிபோனில் பேசும்போது, "உங்கள் கடை எந்தத் தெருவில்? எதிரே என்ன இருக்கிறது?" என்று கேளுங்கள். உண்மையான கடைக்காரர் உடனே பதில் சொல்லுவார்.

2. படத்தைக் காட்டி, "இதே மாதிரிதான் வேண்டும்" என்று பிடிவாதம் செய்யாதீர்கள். "என்னிடம் இவ்வளவு பணம். இன்று எது புதுப் பூ?" என்று கேளுங்கள். அப்போதுதான் நல்ல பூ கிடைக்கும்.

3. காரணத்தைச் சொல்லுங்கள். பிறந்த நாளா, கல்யாணமா, துக்கமா என்று தெரிந்தால்தான் பொருத்தமாகக் கட்டுவார்கள்.

4. கதவு எண், அடையாளம், பெறுபவரின் டெலிபோன் நம்பர் மூன்றையும் கொடுங்கள். பூட்டிய வீட்டு வாசலில் பூ காத்திருக்காது.

5. ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன் விசாரியுங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவு போன்ற இடங்களில் பூவை அனுமதிப்பதில்லை.

6. முகூர்த்த நாட்களிலும், பிப்ரவரி 14-ந் தேதியை ஒட்டியும் பூ விலை ஏறும். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

7. செண்டு போய்ச் சேர்ந்ததும் ஒரு படம் அனுப்பச் சொல்லுங்கள். நாணயமான கடைக்காரர் இதற்குக் கோபிக்க மாட்டார்.

செண்டு வந்த பிறகு

வீட்டுக்குச் செண்டு வந்தால், அப்படியே மேஜை மேல் வைத்துவிடாதீர்கள். கட்டைப் பிரியுங்கள். காம்பின் அடியில் ஓர் அங்குலம் சாய்வாக வெட்டுங்கள். தண்ணீரில் மூழ்கும் இலைகளைக் கிள்ளி எறியுங்கள். இல்லாவிட்டால் அவை அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். ஜாடியை நன்றாகக் கழுவி, சுத்தமான தண்ணீர் ஊற்றுங்கள். இரண்டு நாளுக்கு ஒரு முறை தண்ணீரை மாற்றுங்கள்.

வெயில் படும் ஜன்னலும், மின்விசிறிக் காற்றும் ஆகாது. முக்கியமாக, பக்கத்தில் வாழைப்பழச் சீப்பு வைக்காதீர்கள்! பழுக்கும் பழத்தில் இருந்து எத்திலீன் என்ற வாயு வெளியாகிறது. அது பூவைச் சீக்கிரம் முதுமை அடையச் செய்யும். கார்னேஷன் பூ இதற்கு மிகவும் பயந்தது.

இப்படிக் கவனித்தால் செண்டு சில நாட்கள் கூடுதலாக நிற்கும்.

பிறகு வாடத்தான் செய்யும். ஆனால் கூட வந்த அட்டையைப் பலரும் எறிவதில்லை. பீரோவில் புடவை மடிப்பில் அது பத்திரமாக இருக்கும். அந்த நாலு வார்த்தையை எழுதியது முகம் தெரியாத ஒரு கடைக்காரரின் கை. அவருக்கும் அதைப் பெற்றவருக்கும் ஒரே ஊர். அனுப்பியவரின் அன்பை ஒரு காம்பும் குறையாமல் கொண்டுவந்து சேர்ப்பது அவருடைய நாணயம்.