நிழல் காட்டும் புத்தாண்டு

மாணவர்களே, ஆண்டின் முதல் நாளை முடிவு செய்வது யார்? ஈரானியரைக் கேட்டால் கதிரவன் என்பார்கள். மார்ச் மாதத்தில் கதிரவன் வான நடுக்கோட்டைக் கடந்து வடக்கே செல்லும் கணமே அவர்களுக்கு 'நவ்ரோஸ்', அதாவது 'புதிய நாள்'. அக்கணம் நள்ளிரவில் வந்தாலும் பல குடும்பங்கள் விழித்திருக்கும். முளைவிட்ட கோதுமை, ஆப்பிள், பூண்டு என 'சீன்' எழுத்தில் தொடங்கும் ஏழு பொருள்களைப் பரப்பிக் காத்திருப்பர்.

பல நூற்றாண்டுகளுக்கு முன் ஈரானிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்களே பார்சிகள். சென்னை இராயபுரத்தில் 1910இல் எழுந்த அவர்களது அக்கினிக் கோயில் இன்றும் உள்ளது. இந்தியப் பார்சிகளிடையே இரண்டு புத்தாண்டுகள் உண்டு: ஒன்று மார்ச் 21இல், மற்றொன்று ஆகஸ்டு நடுவில்! காரணம் என்ன? ஓராண்டு ஏறத்தாழ 365¼ நாள். அவர்களது பழைய நாட்காட்டியிலோ 365 நாளே. விடுபட்ட கால் நாளால், நான்கு ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் புத்தாண்டு முந்திக்கொண்டே வந்தது. இப்படி வசந்த விழா மாசி, தை, மார்கழி எனப் பின்னோக்கி நகர்ந்து ஆடிக் கடைசியை அடைந்துவிட்டது.

இதை நீங்களே அளக்கலாம். பெரியபாளையத்தில் ஒரு மீட்டர் குச்சியைச் செங்குத்தாக நடுங்கள். மார்ச் 21 அன்று பகல் சுமார் 12.17 மணிக்கு நிழல் ஏறத்தாழ 24 செ.மீ. இருக்கும். ஆகஸ்டு 16 அன்று சுமார் 12.14 மணிக்கு அளந்தால் ஒரு செ.மீ. கூட இராது. ஒரே பெயருடைய இரு புத்தாண்டுகள், நிழல்களோ வேறு. அளந்து குறித்து வையுங்கள்.