வாலைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது

சிங்கப்பூரின் பொங்கோலில் ஒரு காலத்தில் பன்றிப் பண்ணைகள் இருந்தன. பன்றி வளர்ப்பைப் படிப்படியாக நிறுத்த 1984இல் அரசு முடிவெடுத்தது. இன்று அங்கே இருப்பது வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) நகர். சிங்கப்பூரின் உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. 2022இல் திறக்கப்பட்ட ஒன் பொங்கோல் உணவங்காடி நிலையத்தில் பன்றிக்கறியை விரும்புபவர், அதைத் தொடாதவர், மாட்டிறைச்சியை விலக்கியவர், கறியே உண்ணாதவர் என எல்லாரும் ஒரே கூரையின்கீழ்ச் சாப்பிடுகிறார்கள். இந்த உணவுப் பழக்கங்களில் எதுவும் மற்றதைவிட உயர்ந்ததல்ல. ஆனால் ஒருவர் விலக்கியதை அவர் அறியாமல் ஊட்டுவது துரோகம். விலங்கையே பார்க்காமல் கறி வாங்கும் ஊரில், அது எதன் கறி என்பதற்குச் சான்று வேண்டும். சான்று வரும்வரை வாயை அடக்கும் பொறுமையும் வேண்டும்.

அந்தப் பொறுமை இல்லாததால் விளைந்ததைச் சென்னை கண்டது. 2018 நவம்பரில் எழும்பூர் ரயில் நிலையத்தில், ராஜஸ்தானிலிருந்து வந்த 2,000 கிலோவுக்கும் அதிகமான இறைச்சி பிடிபட்டது. வால் நீளமாக இருந்ததைப் பார்த்து நாய்க்கறி என்றார்கள். வாட்ஸ்அப் அதை ஊரெங்கும் கொண்டுபோனது. அந்தப் பக்கத்து ஆட்டுக்கு வால் நீளம் என்று வியாபாரிகள் சொன்னது எடுபடவில்லை. சில நாள் கழித்து, சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆய்வு அது ஆட்டிறைச்சிதான் என்று உறுதிசெய்தது. அதற்குள் மலிவு விலை பிரியாணிக் கடைகள்மேல் பழி விழுந்துவிட்டது. அருவருப்பு பரவும் வேகத்தில் மறுப்பு பரவுவதில்லை.

தோலும் தலையும் நீக்கிய கறியில் கண் ஏமாறும். டிஎன்ஏ ஏமாறுவது அரிது. தசைச் செல்களில் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ பல நூறு பிரதிகளாக இருப்பதால், சமைத்த கறியிலும் அதன் துண்டுகள் எஞ்சும். இனத்துக்கு இனம் வேறுபடும் ஒரு பகுதியைப் பிசிஆர் முறையில் பெருக்கி ஒப்பிட்டால் ஆடா, மாடா, பன்றியா என்பது தெரிந்துவிடும். 2013 ஜனவரியில் அயர்லாந்தின் உணவுப் பாதுகாப்பு ஆணையம், மாட்டிறைச்சி பர்கர்களில் குதிரையைக் கண்டுபிடித்தது இப்படித்தான். சோதித்த 27 பர்கர்களில் 10இல் குதிரையின் டிஎன்ஏ இருந்தது; டெஸ்கோ பேரங்காடி விற்ற ஒன்றில் இறைச்சியில் 29 விழுக்காடு குதிரை.

இத்தனை நுட்பமான சோதனை, கத்தியில் ஒட்டிய துணுக்கையும் மோசடியாகக் காட்டாதா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். 2014இல் மலேசியாவில் கேட்பரி சாக்லேட்டில் பன்றி டிஎன்ஏ இருப்பதாகச் சுகாதார அமைச்சு அறிவித்தது. பின்னர் ஆலையிலிருந்தே மாதிரி எடுத்துச் சோதித்த, மலேசியாவின் இஸ்லாமிய மேம்பாட்டுத் துறையான ஜாக்கிம், எதுவும் இல்லை என்றது. எனவே மாதிரி எங்கே எடுக்கப்பட்டது, எவ்வளவு கிடைத்தது என்பதையும் சேர்த்தே முடிவைப் படிக்க வேண்டும். விலங்கு எப்படி அறுக்கப்பட்டது என்பதையும் டிஎன்ஏ சொல்லாது. ஹலால் சான்றிதழுக்கு அறுக்கும் இடத்திலேயே கண்காணிப்பு தேவைப்படுவது அதனால்தான்.

ஆய்வு முடியும்வரை மக்களை எச்சரிக்காமல் இருப்பதா என்பார்கள். எச்சரிக்கலாம், சரக்கைத் தடுத்து வைக்கலாம், ஆவணம் சரியில்லை என்று அறிவிக்கலாம். விலங்கின் பெயரை மட்டும் ஆய்வகம் சொல்லட்டும். அதுவரை, கைப்பேசிக்கு வரும் இறைச்சிப் படத்தை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.