பொறி தந்த மேற்கோளும் அளவை நெறியும்

பழவேற்காட்டு ஏரியைச் சார்ந்த சுண்ணாம்புக்குளத்தில் யாம் சிலநாள் தங்கியிருந்தகாலை, மீனவர் குடியிற் பிறந்து கல்லூரியிற் பயிலும் இளைஞர் ஒருவர், ஆராய்ச்சியிதழ் ஒன்றிற்குத் தாம் எழுதிய கட்டுரையைப் பிழைதிருத்தித் தருமாறு கொணர்ந்தார். ஏரியின் மீன்பிடி இடங்களை மீனவர் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் 'பாடு' என்னும் பழைய வழக்கமே அதன் பொருள். தம் பாட்டனார் வாய்க்கேட்டு எழுதிய பகுதி மிக நன்றாயிருந்தது. அடிக்குறிப்பொன்றில் மாத்திரம் ஒரு தலபுராணத்தின் பெயரும், படலத்தின் பெயரும், செய்யுளெண்ணும், செய்யுள் முழுதுங் காணப்பட்டன. தலபுராணங்களில் ஒருவாறு பழகிய எமக்கு அந்நூற்பெயர் புதிதாயிருந்தது. செய்யுளிலோ இரண்டிடத்துத் தளை தட்டிற்று.

"இந்நூலை எங்கே கண்டீர், தம்பி?" என்றேம்.

"நான் பார்த்ததில்லை ஐயா. கைப்பேசியிற் செயற்கை நுண்ணறிவைக் கேட்டேன், அது தந்தது" என்றார்.

நூலகப் பட்டியல்களிலெல்லாந் தேடினேம். அப்பெயருடைய நூல் ஒன்றிலும் இல்லை.

இளைஞர் பொய்யரல்லர். பொறியும் பொய்சொல்லக் கருதியதன்று. கருதுதற்கு அதனிடத்து அறிவு வேண்டுமன்றோ? அளவிறந்த பக்கங்களைப் பயின்று, ஒரு சொல்லின்பின் எச்சொல் வருதல் இயல்பெனக் கணித்துத் தொடுத்தலே அதன் தொழில். ஏட்டைத் திறந்துபார்த்துச் சொல்லுதல் அதன் இயல்பன்று. இக்காலத்துச் சில பொறிகள் இணையத்தைத் துழாவிச் சொல்லுமாயினும், கண்டதனையும் பிறழக் கூறுதல் உண்டு. மேற்கோள் கேட்டார்க்கு மேற்கோளின் வடிவம் கிடைக்கின்றது. பொருள் உளதோ இலதோ என்பது வேறு.

சிவஞானசித்தியார் சுபக்கம் அளவையிலக்கணத்தோடே தொடங்குதல் அன்பர் அறிந்ததே. காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள் ஏனையளவைகள் அடங்குமென்பது நம்மவர் கொள்கை. பொறி தந்த மேற்கோள் இவற்றுள் யாதாம்? எழுதினவர் நூலைக் கண்டிலராதலிற் காட்சியன்று. ஏது ஒன்றுங் காட்டப்படாமையிற் கருதலன்று. உரையெனிலோ, உரைப்போன் பொருளை உள்ளவாறறிந்தவனாதல் வேண்டும். சடமாகிய பொறி எதனையும் அறிந்ததன்று. மூன்றனுள் ஒன்றினும் அடங்காத ஒன்றை அடிக்குறிப்பில் வைத்தல் எங்ஙனம் பொருந்தும்?

இத்தகைய ஏமாற்றம் தமிழுக்குப் புதிதன்று. பதினெண்கீழ்க்கணக்கினுள் ஒன்றெனக் கருதி, வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்கள் 'இன்னிலை' என்னும் நூலை 1917-இல் உரையுடன் வெளியிட்டார்கள். அவர்கள் நாணயத்தை ஐயுறுவார் ஒருவருமிலர். ஆயினும் அது பிற்காலத்தே புனையப்பட்டதெனப் பின்வந்த அறிஞர் பலர் துணிந்தனர். 1931-இல் இ. வை. அனந்தராமையரவர்கள் பதிப்பித்த 'கைந்நிலை'யே அவ்வரிசையில் இடம்பெற்றது. அக்கைந்நிலையிற் பல செய்யுட்கள் சிதைந்தே கிடைத்தன. சிதைந்த இடங்கள் இன்றும் அச்சிற் புள்ளிகளாகவே நிற்கின்றன. புறநானூற்றில் 267, 268 ஆம் செய்யுட்கள் கிடைத்தில, உ. வே. சாமிநாதையரவர்கள் 1894-இல் அந்நூலைப் பதிப்பித்தபோது, தாமே இரண்டு பாடி அவ்விடத்தை நிரப்ப வல்லவர்களாயிருந்தும் அது செய்திலர். பொறியைக் கேட்பின் அவ்விரண்டனையும் இமைப்பொழுதிற் பாடித்தரும். ஏட்டுச்சுவடியோடு பழகினார்க்கு, ஓட்டையே இல்லாத பழம்பாட்டுத்தான் முதலில் ஐயத்தை விளைப்பது.

மேனாட்டாரும் இவ்வகையில் விழிப்படைந்துள்ளனர். சாட்ஜிபிடி என்னும் பொறி வெளிவந்தது 2022 நவம்பரில். இரண்டே திங்களில், 2023 ஜனவரியில், 'நேச்சர்' என்னும் அறிவியல் இதழ் இத்தகைய பொறியை நூலாசிரியராக ஏற்பதில்லையென்றும், பயன்படுத்தினோர் அதனை வெளிப்படக் கூறல்வேண்டுமென்றும் விதித்தது. பதிப்பு நெறிகளை ஆயும் 'கோப்' என்னும் குழு அடுத்த திங்களில் அவ்வாறே கூறிற்று: எழுதியதற்குப் பொறுப்பேற்க மாட்டாதது ஆசிரியனாதல் இல்லை. வினை செய்தோனைச் சாருமன்றி அவன் கைக்கருவியைச் சாராதென்னும் நம் சித்தாந்திகட்கு இதிற் புதுமை யாதுமில்லை. அவ்வாண்டு ஜூனில் நியூயார்க் நகரத்து நீதிமன்றம், பொறி புனைந்த தீர்ப்புக்களை மேற்கோளாக வைத்த வழக்குரைஞர்கட்கு 5,000 டாலர் தண்டம் விதித்தது.

இதனாற் பொறியை அறவே விலக்குகவென்று யாம் கூறுகின்றிலேம். எழுத்துப்பிழை பார்த்தல், பிறமொழிச் சுருக்கம் எழுதுதற்கு உதவிபெறுதல் முதலியவற்றிற்கு அதனைக் கொள்ளலாம்; கொண்டதைச் சொல்லிவிடுதல் வேண்டும். ஆனால், மதிப்பிடுமாறு தம்மிடம் ஒப்புவிக்கப்பட்ட பிறர் கட்டுரையை ஆசிரியரும் இதழாசிரியரும் அறியாமற் பொறியினுட் செலுத்தும் மதிப்பீட்டாளர் செய்வது அடைக்கலப்பொருளைப் பிறர்க்குக் காட்டுதலை ஒக்கும். பொறியெழுத்தைக் கண்டுபிடிக்க வேறொரு பொறியை நம்புதலும் பயனின்று. சாட்ஜிபிடியைச் செய்த நிறுவனத்தாரே அதற்கெனத் தாம் அமைத்த கருவியை, துல்லியம் போதாதென்று 2023 ஜூலையில் நிறுத்திவிட்டனர்.

இளைஞர் மறுவாரம் வந்தார். தலபுராணச் செய்யுளை அடித்துவிட்டு, அவ்விடத்தில், "என் பாட்டனார் சொல்லக் கேட்டது" என்றெழுதி, கேட்ட நாளையும் ஊரையுங் குறித்திருந்தார். கட்டுரையின் ஈற்றில், ஆங்கிலச் சுருக்கம் பொறியின் உதவியால் எழுதித் தாமே சரிபார்த்ததென ஒரு வரி சேர்த்திருந்தார். "செய்யுள் போய்விட்டதே என்று வருத்தமா?" என்று கேட்டேம். "பாட்டனார் சொல்லாத இடம் ஒன்று இன்னும் இருக்கிறது ஐயா, அதை வெறுமையாகவே விட்டிருக்கிறேன்" என்றார்.